எண்ணூற்று எழுபது கைக்குற்றங்கள்

லவினியா ஜேசுரட்ணம் மெல்பேர்ண் நகரில் ஒன்பது பருவகாலம் அவுஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆடியவள். பெண்களுக்கான தொழில்முறைப் போட்டியில், நடுக்களத்தில். மொத்தம் எண்பத்தேழு ஆட்டங்கள். அதற்குள் அவளுடைய இரண்டு விரல்களும் ஒரு காறையெலும்பும் உடைந்து, திரும்பப் பொருந்தியிருந்தன. வலது முழங்கால் மட்டும் எட்டாவது பருவத்தில் முறுக்கிக்கொண்டு, ஒன்பதாவதில் பேச்சுவார்த்தைக்கே மறுத்துவிட்டது. முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்று, டோர்ட்மண்ட் நகரில் ட்ராம் ஓட்டும் சஞ்சயனைக் கலியாணம் முடித்துக்கொண்டு ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீள்வட்டமான மைதானம், நீள்வட்டமான பந்து. நடுவர் மைதானத்தின் மையத்தில் பந்தை மேலே எறிவார். அது எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கும் தெரியாது. விழுந்த இடத்தில் ஏழெட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் கிடப்பார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து பந்தை எடுத்துத் தன் ஆளிடம் சேர்ப்பிப்பதுதான் நடுக்கள ஆட்டக்காரியின் வேலை. பிறகு எழுந்து பந்து போன பக்கம் ஓடவேண்டும். இப்படி இரண்டு மணித்தியாலம். லவினியா இதை மிக நன்றாகச் செய்தாள். வேறெதுவும் அவளுக்கு இவ்வளவு நன்றாக வராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

அவள் வந்த மாசியிலேயே வேலை அவளைத் தேடிக்கொண்டு வந்தது. சஞ்சயனின் தமக்கை மகள் படிக்கும் பள்ளிக்கூடம் நகரின் வடக்கே இருந்தது. அங்கே பெற்றோர் வந்து பார்க்கும் திறந்த நாள் நடந்தபோது லவினியா மெல்பேர்ணிலிருந்து கொண்டுவந்த பந்தை முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உதைத்துக் காட்டினாள். அதிபர் திருமதி டெர்ஹோர்ஸ்ட் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினொரு பெண்பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கீழே வைத்தார்கள். பதினெட்டு வருடத்தில் நான் இதைக் கண்டதில்லை. ஆவணியிலிருந்து பின்னேர விளையாட்டுப் பயிற்றுநர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. உங்களுக்காக வைத்திருக்கிறேன். ஒரே ஒரு கடதாசி மட்டும் வேண்டும்."

வெளிநாட்டில் அவள் செய்த தொழில், ஜேர்மனியில் உள்ள ஏதோ ஒரு தொழிலுக்குச் சமம் என்று அரசு எழுதித் தரும் கடதாசி அது.

அதைத் தரும் இடத்தின் பெயர் வெளிநாட்டுத் தொழில் ஒப்பீட்டு நடுவகம். ஆறு மாடிக் கட்டடம். வாசலில் 'ஒவ்வொரு திறமைக்கும் ஓர் இடம் உண்டு' என்று பித்தளை எழுத்தில் பொறித்திருந்தார்கள். அதற்குக் கீழே காத்திருக்கும் மண்டபத்துக்கு ஓர் அம்புக்குறி.

லவினியாவுக்கு அப்போது ஜேர்மன் மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டுமே தெரியும். ஆகவே றொனால்ட் அண்ணை துணைக்கு வந்தார். றொனால்ட் அண்ணை மன்னாரிலிருந்து எண்பத்தைந்தாம் ஆண்டு அகதியாக வந்தவர். சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர். வீட்டில் நாற்பத்தொரு கோப்புகளை நிறவாரியாக அடுக்கி வைத்திருப்பவர். மற்றவர்கள் புனிதர்களைப் பற்றிப் பேசும் குரலில் அவர் அலுவலகங்களைப் பற்றிப் பேசுவார்.

"நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும் பிள்ளை," என்றார் ட்ராமில். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். இஞ்சை எல்லாத்துக்கும் ஒரு டெர்மீன், முன்கூட்டியே குறிச்ச நேரம், இருக்கு; ஒரு படிவம் இருக்கு. டெர்மீன் எடுக்காமல் இந்த நாட்டில சாகவும் ஏலாது."

மூன்றாம் மாடியில் அவர்களுக்குக் கிடைத்த அதிகாரி திரு வீசன்ஹோஃபர். வயது ஐம்பத்தைந்து. சுவரில் மஞ்சள் கறுப்புக் கழுத்துத்துண்டு ஒன்று சட்டமிட்டு மாட்டியிருந்தது. முப்பது வருடமாக ஒரே இருக்கையிலிருந்து ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆட்டங்களைப் பார்த்து வருபவர். லவினியாவின் விண்ணப்பத்தில் 'நடுக்களம்' என்ற சொல்லைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நடுக்களமா! தடுக்கும் நடுக்களமா, தாக்கும் நடுக்களமா?"

றொனால்ட் அண்ணை மொழிபெயர்த்தார்.

"ரெண்டும்தான் அண்ணை. பந்து எங்கை போகுதோ அங்கை."

அதிகாரி எழுதிக்கொண்டார்: பணியிடம் - தெளிவில்லை.

"பந்தை எப்படிக் கடத்துவீர்கள்?"

"தூரத்துக்கெண்டால் உதைப்பன். கிட்டத்தில ஆள் நிண்டால், பந்தை ஒரு கையில வைச்சு மற்றக் கை முட்டியாலை குத்திக் குடுப்பன்."

பேனை நின்றது. "கையாலா?"

"ஓம்."

"ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை?"

"ஒரு பத்துத் தரம் வரும்."

திரு வீசன்ஹோஃபர் மேசைக் கணிப்பானை இழுத்துப் பத்தை எண்பத்தேழால் பெருக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமல் அதன் மேலால் அவளைப் பார்த்தார். "எண்ணூற்று எழுபது. ஒருமுறைகூட நடுவர் ஊதவில்லையா?"

"ஏன் ஊதோணும்? கையாலை குத்தினாத்தான் சரி. எறிஞ்சால்தான் பிழை."

அதிகாரி எழுதினார்: கைக்குற்றங்கள் 870. விண்ணப்பதாரரின் சொந்த வாக்குமூலம். 'தண்டனை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, அதைச் சிவப்பால் அடிக்கோடிட்டார்.

"ஓஃப்சைட் விதி உங்களிடம் எப்படி?"

"எங்கட ஆட்டத்தில ஓஃப்சைட் இல்லை."

மொழிபெயர்ப்பைக் கேட்டதும் அவர் எழுந்து யன்னலைச் சாத்தினார். "ஓஃப்சைட் இல்லையென்றால், யார் எங்கே நிற்கக்கூடாது என்று எப்படித் தெரியும்?"

"ஆரும் எங்கையும் நிக்கலாம்."

திரு வீசன்ஹோஃபர் அதையும் எழுதிக்கொண்டார். அடுத்ததாக இலக்குக் கம்பங்களைப் பற்றிக் கேட்டார். கம்பங்கள் நான்கு. நடு இரண்டுக்கும் இடையில் உதைத்தால் ஆறு புள்ளி. சற்றுத் தவறி ஓரத்துக் கம்பங்களுக்கிடையில் போனால் ஒரு புள்ளி.

"தவறினாலும் புள்ளியா?" திரு வீசன்ஹோஃபர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய குரலில் அரசாங்கம் ஏறிக்கொண்டது. "அம்மணி, இந்த நாட்டில் இலக்கைத் தவறவிட்டவருக்கு எதுவும் கிடைக்காது. எங்கள் ஒழுங்கு அப்படி. இந்த நடுவகத்தையே பாருங்கள். போன வருடம் ஆயிரத்து நூற்று நாற்பது விண்ணப்பங்களைக் கையாண்டோம். முப்பத்தெட்டுக்கு முடிவு சொன்னோம். எஞ்சியவை 'கையாளப்பட்டவை' என்ற தலைப்பில் ஆண்டறிக்கையில் சேர்ந்தன. அமைச்சிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஒழுங்கு என்றால் அப்படி இருக்கவேண்டும்."

"அண்ணை, அந்த ஒரு புள்ளியைத்தான் நான் இவ்வளவு நேரமும் சொன்னனான்," என்றாள் லவினியா.

நாற்பது வருட அனுபவம் உள்ள றொனால்ட் அண்ணை அதை மொழிபெயர்க்கவில்லை. "உங்கள் விளக்கத்துக்கு அவர் நன்றி சொல்கிறார்," என்று ஜேர்மனில் சொல்லி அவளை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

பங்குனி பிறந்ததும் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு கடிதமும் முந்தைய கடிதத்தைக் குறிப்பிட்டது. மெல்பேர்ண் கழகம் கொடுத்த நற்சான்றில் அவள் எதிராளிகளை இழுத்து விழுத்துவதில் கெட்டிக்காரி என்று எழுதியிருந்தார்கள். அந்த வரிக்காக அவளுடைய கோப்பு காவற்பணியாளர் பிரிவுக்குப் போய், அங்கிருந்து 'ஆயுதம் இல்லை' என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. பந்து நீள்வட்டம் என்பதால் ஐந்தாம் மாடி ரக்பி மேசைக்கும், கையால் ஆடுவதால் இரண்டாம் மாடி எறிபந்து மேசைக்கும் போனது. ஐந்தாம் மாடி கையால் குத்துவதைக் காரணம் காட்டி மறுத்தது. இரண்டாம் மாடி காலால் உதைப்பதைக் காரணம் காட்டி மறுத்தது.

அவள் ஏழாவது பருவத்தில் கழகத்தின் 'மிகச் சிறந்த, மிக நேர்மையான ஆட்டக்காரி' விருதில் இரண்டாம் இடம் பெற்றிருந்தாள். அதற்கு இப்படி ஒரு கடிதம் வந்தது: நேர்மையில் இரண்டாம் இடம் என்று அறிகிறோம். குறைபாட்டின் தன்மை, அது ஏற்பட்ட திகதி, முதலிடம் பெற்றவரின் முகவரி ஆகியவற்றை இரண்டு கிழமைக்குள் அறியத்தரவும்.

"அவள் என்னைவிட மூண்டு வோட்டுக் கூட எடுத்தவள், அவ்வளவுதான்," என்றாள் லவினியா. "இதுக்கு என்னத்தை எழுதுறது?"

"அதையே எழுதுவம்," என்றார் றொனால்ட் அண்ணை, புதிய கோப்பு ஒன்றைத் துளையிட்டபடி. அவருக்கு அது நாற்பத்திரண்டாவது.

சித்திரையில் ஒரு பின்னேரம் லவினியா குசினி மேசையில் எல்லாக் கடிதங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சஞ்சயன் வேலை முடிந்து சீருடையோடு வந்தான்.

"ஒன்பது வருசம் நான் என்னதான் செய்தனான் எண்டு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு," என்றாள். "குளிருக்குள்ள விடிய எழும்பி ஓடினது, முழங்காலை வெட்டித் தைச்சது, எல்லாம். உண்மையா நான் ஒண்டும் செய்யேல்லையோ?"

சஞ்சயன் சப்பாத்தைக் கழற்றினான். "என்ரை அப்பா யாழ்ப்பாணத்தில கணக்கு வாத்தியார். பதினாலு வருசம் படிப்பிச்சவர். இஞ்சை வந்து முப்பது வருசம் ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினார். நீர் என்ன வேலை செய்தனீர் எண்டு அவரை ஒருத்தரும் ஒருநாளும் கேக்கேல்லை. உன்னட்டைக் கேக்கினமாவது."

"கேக்கினம். ஆனால் நம்பேல்லையே."

"நம்ப வைப்பம். நீ அந்த நாற்பத்திரண்டாவது கோப்பை மூடிப்போட்டு வா, சாப்பிடுவம்."

வைகாசியில் ஒரு நல்ல செய்தி வந்தது. கடதாசிகளால் தீர்மானிக்க முடியாத தொழில்களைச் செய்முறைப் பரீட்சையால் தீர்மானிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. லவினியா மைதானத்தில் மூவர் குழுவின் முன்னால் தன் தொழிலைச் செய்து காட்டவேண்டும். குழுவின் தலைவி டொக்டர் பிரிங்க்மான். தொழில் ஒப்பீட்டியலில் இருபது வருட ஆய்வு செய்தவர். எந்தத் தொழிலையும் செய்ததில்லை. அது நடுநிலைமைக்கு அவசியம் என்று அவரே ஆயத்தக் கூட்டத்தில் விளக்கினார். இன்னொரு அங்கத்தவர் திரு வீசன்ஹோஃபர். மூன்றாமவர் ஐந்தாம் மாடியிலிருந்து வந்த மெலிந்த இளைஞர். கூட்டக் குறிப்பு எழுதுபவர்.

டொக்டர் பிரிங்க்மான் ஒரு வேலைத்திட்டம் கேட்டார். பந்து எத்தனையாவது விநாடியில் எந்த இடத்தில் விழும், அதை யார் எடுப்பார், யாரிடம் கொடுப்பார் என்று மூன்று பிரதியில்.

"விழுந்தாப் பிறகுதான் தெரியும்," என்றாள் லவினியா.

"அப்படியானால் எப்படி ஆயத்தமாவீர்கள்?"

"ஓடி ஓடித்தான்."

"இங்கே நாங்கள் திட்டமிடாத எதையும் செய்வதில்லை," என்றார் டொக்டர் பிரிங்க்மான் பெருமையோடு. "இந்தப் பரீட்சைக்கான விதிமுறையையே பதினொரு வருடமாகத் திட்டமிட்டு வருகிறோம். இன்னும் ஒரு பரீட்சைகூட நடத்தியதில்லை. ஆகவே இதுவரை ஒரு பிழையும் ஏற்படவில்லை."

கடைசியில் லவினியா, பந்து பன்னிரண்டாவது விநாடியில் வடகிழக்கில் விழும் என்று எழுதிக் கொடுத்தாள். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

பரீட்சை ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்தது. நகரசபை ஒரு மைதானம் கொடுத்திருந்தது. அது செவ்வகம். நீள்வட்டக் கோடு கீறுவதற்கு அனுமதி வரவில்லை. ஆதலால் மூலைகளை எல்லாரும் மனத்தால் வளைத்துக்கொள்ளும்படி குழு தீர்மானம் நிறைவேற்றியது. லவினியாவின் சொந்தப் பந்து தரச்சான்று இல்லாததால் ஏற்கப்படவில்லை. நடுவகம் கடைக்காரர்களிடம் விலைக் கேள்விப்பத்திரம் கோரி ஒரு பந்து வாங்கியிருந்தது. கோரிக்கையில் 'பந்து' என்று மட்டும் இருந்ததால் உருண்டையான பந்து வந்திருந்தது. எதிரணிக்கு ஆள் இல்லாததால் குழுவே எதிரணி. ஒரு முதலுதவியாளர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். றொனால்ட் அண்ணை கோட்டுக்கு வெளியே கோப்புடன் நின்றார்.

டொக்டர் பிரிங்க்மான் காலணியின் குதியைப் புல்லில் ஊன்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பந்தை மேலே எறிந்தார். காற்று அடித்தது. பந்து அவருடைய தலையில் பட்டுத் தென்மேற்கே போனது.

திட்டத்துக்கு மாறாகப் போன பந்தைப் பார்த்து லவினியா ஒரு கணம் நின்றாள். திரு வீசன்ஹோஃபர் நிற்கவில்லை. முப்பது வருடம் மரக் கதிரையில் உட்கார்ந்து பந்தைப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர். அது முதன்முதலாகத் தன்னை நோக்கி உருண்டு வந்ததும், கைப்பையைப் போட்டுவிட்டு ஓடி இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். தூக்கியதுதான் தெரியும். ஒன்பது பருவகாலம் லவினியாவின் கால்கள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இடுப்பில் கட்டிப்பிடித்து, தன் தோளை அவருக்கு அடியில் கொடுத்து, பக்குவமாகப் புல்லில் விழுத்தினாள்.

முதலுதவியாளர் எழுந்தார். றொனால்ட் அண்ணை "ஐயோ, மாதாவே!" என்றார்.

திரு வீசன்ஹோஃபர் மல்லாந்து கிடந்தார். கழுத்துப்பட்டி காதுக்குப் பின்னால் போயிருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "இன்னொருமுறை," என்றார்.

அடுத்த இருபத்து மூன்று நிமிடம் நடந்தது கூட்டக் குறிப்பில் இல்லை. குறிப்பு எழுதவேண்டிய இளைஞர் பந்தை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். டொக்டர் பிரிங்க்மான் காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு ஓடி, லவினியா குத்திக் கொடுத்த பந்தை நெஞ்சில் பிடித்தார். பிடித்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் கூவினார். திரு வீசன்ஹோஃபர் உதைத்த பந்து கம்பங்களாக வைத்துக்கொண்ட இரண்டு மரங்களுக்கும் வெளியே போனது. "ஒரு புள்ளி!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். லவினியாவின் முழங்கால் நொந்தது. ஆனாலும் அந்த நாட்டுக்கு வந்தபின் முதன்முறையாக, அவள் யாருக்கும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பிறகு மூவரும் புல்லைத் தட்டிவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். டொக்டர் பிரிங்க்மான் ஈரமான காலுறையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு முடிவை அறிவித்தார்.

"விண்ணப்பதாரரின் திறமையில் குழுவுக்கு ஐயமில்லை. ஆனால் குழு உறுப்பினர்கள் மூவரும் பரீட்சையில் பங்குபற்றியதுடன், வெளிப்படையாக மகிழ்ச்சியும் அடைந்துள்ளனர். மகிழ்ச்சியடைந்தவர் நடுநிலையானவர் அல்லர். ஆகவே பரீட்சை செல்லாது."

றொனால்ட் அண்ணை இதை மொழிபெயர்க்க நெடுநேரம் எடுத்தார். "பிள்ளை, நீர் நல்லா விளையாடிப்போட்டீராம். அதுதான் பிரச்சினையாம்."

 லவினியா சப்பாத்தைக் கழற்றி, மண்ணைத் தட்டி, பையில் வைத்தாள்.  ட்ராம் தரிப்பிடத்தில், "அண்ணை, நான் திரும்பி மெல்பேர்ணுக்குப் போனால் சஞ்சுவும் வருவாரோ?" என்று கேட்டாள். றொனால்ட் அண்ணையிடம் அந்தக் கேள்விக்குக் கோப்பு இல்லை.

இரண்டு கிழமையில் அடுத்த கடிதம் வந்தது. றொனால்ட் அண்ணை அதை மூன்று தரம் வாசித்துவிட்டு வீட்டுக்கே வந்தார். புதிய பரீட்சைக் குழு அமைக்கவேண்டுமாம். அதில் இருப்பவர்கள் ஜேர்மன் மண்ணில் இந்த விளையாட்டை ஆடிய அனுபவம் உள்ளவர்களாக இருக்கவேண்டுமாம். நடுவகம் தன் பதிவேடுகளைத் தேடிப் பார்த்ததில் அப்படி மூன்று பேர்தான் அகப்பட்டார்களாம்: டொக்டர் பிரிங்க்மான், திரு வீசன்ஹோஃபர், ஐந்தாம் மாடி இளைஞர். தலைக்கு இருபத்து மூன்று நிமிடம். மூவரும் இன்று முதல் இத்துறையின் நிபுணர்கள்.

"அப்ப என்ரை ஒன்பது வருசம்?"

"அது வெளிநாட்டு அனுபவமாம் பிள்ளை. ஒப்பிட ஏலாதாம்." அவர் கடிதத்தைத் திருப்பினார். "ஆனால் ஒரு வழி இருக்கு. நிபுணர் ஒருத்தற்றை மேற்பார்வையில நீர் பதினாலு மாதம் வேலை செய்யலாம். பள்ளிக்கூடத்திலையே. அதுக்குப் பிறகு அவர் கையெழுத்து வைச்சால் சரி. திரு வீசன்ஹோஃபர் தான் வாறன் எண்டு எழுதியிருக்கிறார். ஒவ்வொரு புதனும், ரெண்டு மணியிலயிருந்து நாலு மணி மட்டும்."

சஞ்சயன் பின்னாலிருந்து கேட்டான். "என்ரை மனிசி ஒன்பது வருசம் செய்த வேலையை, அவவிட்டை அரை மணித்தியாலம் பழகின ஆள் அவவுக்குப் பழக்கப்போறாரோ?"

"ஓம்," என்றார் றொனால்ட் அண்ணை. "சட்டப்படி சரி."

லவினியா சிரித்தாள். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. "போவம்," என்றாள். "பிள்ளையளாவது விளையாடட்டும்."

ஆவணி கடைசியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. பத்தொன்பது பெண்பிள்ளைகள் வந்தார்கள். திரு வீசன்ஹோஃபர் மடிப்புக் கலையாத புதிய விளையாட்டு உடையோடும், மடக்குக் கதிரையோடும், கோப்போடும் வந்து ஓரத்தில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். முதற் கிழமை நான்கு பக்கம் எழுதினார். மூன்றாம் கிழமை அரைப் பக்கம். ஐந்தாம் கிழமை ஒரு பக்கத்துக்கு ஆள் குறைந்தபோது, தானாகவே கதிரையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

அன்று மழை விட்ட நேரம். திரு வீசன்ஹோஃபருக்கு நடு மைதானத்தில் பந்து கிடைத்தது. இந்தமுறை உண்மையான, நீள்வட்டப் பந்து. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். இடது பக்கத்தில் ஒரு பிள்ளை கையுயர்த்தி நின்றாள். வலது பக்கத்தில் இன்னொருத்தி. முன்னால் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் அவர் எடைபோட்டார். எடைபோட்டுக்கொண்டிருக்கும்போதே எலிஃப் என்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை பின்னாலிருந்து வந்து அவரை அள்ளிக்கொண்டு போனாள். விழும்போது வலது கையை ஊன்றினார். மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது.

"குற்றம்!" என்று கத்தினார் கிடந்தபடியே. "அவள் என்னைப் பிடித்தாள்!"

"பிழை உங்களுடையது," என்றாள் எலிஃப். "பந்தை வைத்துக்கொண்டு நின்றீர்கள். எங்களுக்குத்தான் உதை."

அவர் லவினியாவைப் பார்த்தார். லவினியா பக்கத்தில் முழங்காலிட்டு, கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, இந்த ஏழெட்டு மாதத்தில் படித்த ஜேர்மனில் சொன்னாள்: "அவள் சொல்வது சரி. கிடைத்த உடனே யாருக்காவது கொடுக்கவேண்டும். வைத்துக்கொண்டிருப்பதுதான் குற்றம்."

"எவ்வளவு நேரம் வைத்திருந்தேன்?"

"நான்கு விநாடி."

"நான்கு விநாடி அதிகமா?"

"மிக அதிகம்."

முதலுதவி வண்டி வரும்வரைக்கும் அவர் ஈரப் புல்லில் கிடந்து வானத்தைப் பார்த்தார். வலியில் முகம் வெளிறியிருந்தது. பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "என் மேசையில் ஒரு பல் வைத்தியரின் கோப்பு இருக்கிறது. ஏழு வருடம். குறை ஒன்றும் இல்லை. யாரிடம் கொடுப்பதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் இப்போது பொதி விநியோகம் செய்கிறார். போன மாதம் என் வீட்டுக்கே ஒரு பொதி கொண்டுவந்தார். என்னை அடையாளம் கண்டு நன்றி சொன்னார்."

லவினியா அவருடைய தலைக்கு அடியில் தன் மேற்சட்டையை மடித்து வைத்தாள்.

அடுத்த ஒன்பது நாட்களில் நடுவகத்தின் மூன்றாம் மாடியிலிருந்து நாற்பத்தாறு முடிவுகள் வெளியேறின. பல் வைத்தியர், இரண்டு இரும்பு ஒட்டுவேலைக்காரர், ஒரு மருத்துவிச்சி, பலர். கட்டடமே கலங்கிப்போனது. இத்தனை விண்ணப்பங்கள் உண்மையிலேயே முடிந்துவிட்டதால், ஆண்டறிக்கையில் 'கையாளப்பட்டவை' என்று காட்டுவதற்குக் கோப்புகள் போதாமற் போகலாம் என்று டொக்டர் பிரிங்க்மான் எழுத்தில் கவலை தெரிவித்தார். அமைச்சு இந்தமுறை பாராட்டுக் கடிதம் அனுப்பவில்லை. விசாரணைக் கடிதம் அனுப்பியது.

லவினியாவின் முடிவும் அந்த நாற்பத்தாறில் ஒன்று; பதினான்கு மாத மேற்பார்வையில் எஞ்சியதைத் திரு வீசன்ஹோஃபர் தள்ளுபடி செய்திருந்தார். முழுச் சமானம். தொழில்: நடுக்கள ஆட்டக்காரர். குறைபாடுகள்: இல்லை. திருமதி டெர்ஹோர்ஸ்ட் அதை வாங்கி, இரண்டு துளை போட்டு, அலுமாரியில் வைத்துவிட்டு, அன்றே நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். லவினியா அதைப் பள்ளிக்கூட நடைபாதையில் நின்று தானாகவே வாசித்தாள். எல்லாச் சொல்லும் விளங்கவில்லை. 'ஒன்பது வருடத் தொழில் அனுபவம்' என்ற வரி விளங்கியது. அதை இன்னொருமுறை வாசித்தாள். சஞ்சயனுக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

விசாரணை திரு வீசன்ஹோஃபரைத்தான் பிடித்தது. நாற்பத்தாறு முடிவுகளிலும் இருந்த கையெழுத்து அவருடைய வழக்கமான கையெழுத்தைப்போல் இல்லை. கோணல்மாணலாக, முதலாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கியதைப்போல் இருந்தது. வலது கை பிளாஸ்ரரில் இருந்ததால் இடது கையால் போட்டிருந்தார். அது தன்னுடைய கைதான் என்று அவர் நிரூபிக்கவேண்டும். அதற்குப் படிவம் இருந்தது. முதலாம் மாடியில் இலக்கச் சீட்டு எடுத்து, காத்திருக்கும் மண்டபத்தில் உட்காரவேண்டும். முப்பது வருடம் அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவருக்கு அந்த மண்டபம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. றொனால்ட் அண்ணைதான் வழி காட்டினார்.

படிவம் பதினொரு பக்கம். அவரால் எழுத முடியாது. லவினியா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நிரப்பினாள். அவளுடைய ஜேர்மன் எழுத்துக்கூட்டலில் பிழைகள் இருந்தன. அவர் திருத்தவில்லை.

அவர்களுடைய இலக்கம் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் பக்கங்களைப் புரட்டிவிட்டு லவினியாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"விண்ணப்பதாரருக்காகப் படிவத்தை நிரப்பியது நீங்களா? அவருக்கு நீங்கள் என்ன முறை? கடைசிப் பக்கத்தில் அதை நிரப்பாமல் விட்டிருக்கிறீர்கள். துணைவர், பிள்ளை, பெற்றார், சட்டத்தரணி, பராமரிப்பாளர். ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்."

லவினியா திரு வீசன்ஹோஃபரைப் பார்த்தாள். அவர் பிளாஸ்ரர் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்ணை, பரீட்சை எழுத வந்த பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்கள் ஒரே அணி," என்றாள் லவினியா.

"அதற்குப் பெட்டி இல்லை."

லவினியா படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். பராமரிப்பாளருக்குக் கீழே பேனையால் ஒரு பெட்டி கீறினாள். அதன் பக்கத்தில் 'ஒரே அணி' என்று பெரிய எழுத்தில் எழுதி, உள்ளே சரி அடையாளம் போட்டு, கண்ணாடிக்குக் கீழால் தள்ளிவிட்டாள்.